கவரில் கொண்டுபோன படம்

அன்புள்ள வாசகர்களுக்கு,

போன மாதம் கொல்லிமலைக்குப் போனபோது என் பையில் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. உள்ளே அஞ்சலட்டை அளவில் ஒரே ஒரு புகைப்படம். 2016 மே மாதம் அங்கே நான் எடுத்தது. பலாப்பழம் ஒன்றை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு சிரிக்கிற எட்டு வயதுப் பெண்குழந்தை. அந்தப் படம் நம் இதழில் வந்தது. உங்களில் சிலர் பாராட்டிக் கடிதம்கூட எழுதினீர்கள். "எங்களுக்கும் ஒண்ணு குடுப்பீங்களா சார்?" என்று அன்றைக்கே குழந்தையின் அம்மா கேட்டிருந்தார். "கண்டிப்பா அனுப்புறேங்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அனுப்பவில்லை. ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றைத் துழாவிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் மறுபடி கண்ணில் பட்டது. டிஜிட்டல் கேமராவில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நாள், நேரம், கேமராவின் அமைப்பு எல்லாம் கண்ணுக்குத் தெரியாத குறிப்பாகப் பதிந்திருக்கும். அதைத் திறந்து பார்த்தேன். மாலை 4 மணி 12 நிமிடம் வரைக்கும் கணக்கு இருக்கிறது. குழந்தையின் பெயர் இல்லை, ஊர் இல்லை. அதையெல்லாம் நான்தான் எழுதி வைத்திருக்க வேண்டும். என் பழைய நோட்டில் ஊரின் பெயரும், "சோளக்காட்டுக்கு முன்னால், பெரிய பலாமரம்" என்ற குறிப்பும் கிடைத்தன. அது போதும் என்று கிளம்பினேன்.

கொல்லிமலைக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாமக்கல் மாவட்டத்தில், அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் உண்டு. இருபதைத் தாண்டும்போது காது அடைக்கும். நாற்பதைத் தாண்டினால் ஜன்னல் வழியாக வருகிற காற்றே வேறு. மேலே போனால் மிளகுக் கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்கள், அதன் நிழலில் காப்பிச் செடி, சரிவெல்லாம் மரவள்ளி. ஊர்களை நாடு நாடாகச் சொல்வார்கள்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, திண்ணனூர் நாடு என்று 14 நாடுகள். கைபேசிக்கு சிக்னல் சில வளைவுகளில் கிடைக்கும், சிலவற்றில் கிடைக்காது. கிடைக்காத இடங்களில்தான் எனக்கு இந்த முறை நிறையக் கிடைத்தது. அவற்றில் சிலவற்றை இந்தப் பக்கத்தில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு செயலி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் கூடம் இலவசமாகத் தருகிற மெர்லின். நம் பகுதிப் பறவைகளின் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் மலையில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்கிறது. கைபேசியை நீட்டினால் போதும், கூவுவது எந்தப் பறவை என்று கேட்டுச் சொல்கிறது. காலையில் செம்மீசைச் சின்னானின் பெயரைத் திரையில் காட்டியது. பக்கத்தில் நின்ற பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுங்களா? நாங்க கொண்டக்குருவின்னு சொல்லுவோம்" என்றான். இரண்டு பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். செயலி முதல் பெயரைத்தான் தரும். இரண்டாவது பெயருக்கு அந்தப் பையன் பக்கத்தில் நிற்க வேண்டும். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வருகிற பொங்கலுக்கு ஊருக்குப் போகிற வாசகர்கள் கால்மணி நேரம் வாசலில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பெயர்களையும் சேர்த்து நமக்கு எழுதுங்கள்.

பறவை என்றதும் மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. எழுத்தும் புகைப்படமும் ஒரே கையில் இவ்வளவு அழகாகச் சேர்ந்து நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் பாகங்களைத் தானே பொருத்தி ஒரு கேமரா செய்துகொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்து, கறுப்பு வெள்ளையிலேயே காட்டைப் படமெடுத்தவர். 1950-இல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் தொடங்கிய அவருடைய பத்தி, 1996 பிப்ரவரியில் அவர் மறையும் வரைக்கும் 46 ஆண்டுகள் வந்தது. தமிழில் அவர் எழுதியவை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாகக் கிடைக்கின்றன. மலையில் இரவு கரண்ட் போனபோது டார்ச் வெளிச்சத்தில் அதைத்தான் மறுபடி படித்தேன். ஒரு அணிலைப் பற்றி எழுதினாலும் அது எந்த மரத்தில், எந்த மாதத்தில், என்ன செய்துகொண்டிருந்தது என்று சொல்கிற எழுத்து. இளம் எழுத்தாளர்கள் பாடமாகவே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஒரு இயந்திரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

ஒரு வீட்டு வாசலில் கல்லுரல் ஒன்று கிடந்தது. அதன் குழிக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. உரலுக்குச் சொந்தக்கார ஆயா திண்ணையில் உட்கார்ந்து சாமையை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். "உரல்ல இப்ப குத்தறதில்லைங்களா ஆயா?" என்று கேட்டேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் என் முன்னால் விரித்தார். விரல்கள் சேருகிற இடத்தில் நான்கு காய்ப்புகள், பழைய புளியங்கொட்டை மாதிரி பளபளவென்று. "இது உலக்க போட்டது தம்பி. சாம ஒரு குத்துல போவாது. குத்தி, பொடச்சி, மறுக்கக் குத்தி, மறுக்கப் பொடச்சி... கோழி கூப்பிடறதுக்கு முன்ன எந்திரிச்சாத்தான் உச்சிப் பொழுதுக்கு சோறு. இப்ப மில்லுல குடுத்தா நான் வெத்தல போட்டு முடிக்கறதுக்குள்ள ஆயிருது."

சாமை மணி மிகச் சிறியது, உமியோ இறுக்கமானது. உமி போக வேண்டும், உள்ளே இருக்கிற அரிசி நொறுங்கவும் கூடாது. நெல் மில்லில் போட்டால் சரிப்படாது. இந்த மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் குறைந்துபோனதற்கு ஒரு காரணம் மரவள்ளி. ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போனால் கையில் காசு வருகிறது. இன்னொரு காரணத்தை வெளியில் இருக்கிற நாம் யோசிப்பதே இல்லை: உலக்கை. சிறுதானியத்தின் ருசி யாருக்கும் அலுக்கவில்லை. குத்துகிற பெண்களின் தோள்தான் அலுத்துவிட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இங்கே வேலை தொடங்கியபோது, விதைகளைச் சேகரித்துப் பாதுகாப்பதோடு நிற்காமல், சிறுதானியம் அரைக்கிற, உமி நீக்குகிற இயந்திரங்களை ஊர்களுக்குள் கொண்டுவந்து சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தது. விதையைக் காப்பாற்றுவதற்கு வழி மாவு மில்லில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்களே, அந்த யோசனைக்கு நான் தலைவணங்குகிறேன். ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த 2023-இல் நகரத்து மேடைகளில் எத்தனையோ பேச்சுகள் கேட்டோம். ஆயாவின் உரலில் கோழி அடைகாப்பதை அந்தப் பேச்சாளர்கள் எல்லாரும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

ஆயாவைப் படமெடுக்கக் கேட்டேன். சம்மதித்தார். கைபேசியில் எடுத்துக் காட்டினால் உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார். முகத்தை அழகாக்கிக் காட்டுகிற வசதி ஒன்று எப்போதோ தானாகத் திறந்திருக்கிறது. நெற்றிச் சுருக்கத்தையெல்லாம் வழித்துத் துடைத்து மெழுகுப் பொம்மை மாதிரி ஆக்கிவிட்டது. அதை அணைத்தேன். வெயிலில் நின்றவரை வாசல்படிக்குள் ஒரு அடி தள்ளி உட்காரச் சொன்னேன். கதவு வழியாகப் பக்கவாட்டில் வருகிற வெளிச்சம் போதும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். "மூஞ்சி வேணாம், கைய எடு" என்று ஆயாவே சொல்லிவிட்டார். அந்தக் காய்ப்புகள்தான் இந்த இதழின் அட்டையில் நீங்கள் பார்ப்பவை.

எழுத்து விஷயத்தில் எனக்குக் கிடைத்த பெரிய புதையல் வாழவந்தி நாட்டுப் பக்கம் இருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலத் தம்பதி மிஷனரிகளாக இந்த மலைக்கு வந்து குடியேறினார்கள். அன்றைக்குச் சாலை கிடையாது. மலேரியா உண்டு. நரம்புச் சிலந்தி உண்டு. படிக்கிணற்றுத் தண்ணீரில் காலை வைக்கிறவர்களிடமிருந்து குடிக்கிறவர்களுக்குப் பரவி, உடம்புக்குள் முழ நீளத்துக்கு மேல் வளர்ந்து, தோலைக் கிழித்து வெளியே வருகிற புழு அது. ஜெஸ்ஸி அதைக் குச்சியில் சுற்றிச் சுற்றி, அறுந்துவிடாமல் மெதுவாக வெளியே எடுப்பார். பக்கத்தில் நின்று அதைப் பார்த்த சிறுவன் அவருடைய மகன் பால். 1914-இல் பிறந்து இந்த மலையில் வளர்ந்தவன். இந்தியாவில் நரம்புச் சிலந்தி நோயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது 2000-இல்.

1923-இல், ஒன்பது வயதில், படிப்புக்காகப் பாலையும் தங்கை கோனியையும் இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே கடிதம்தான். ஜெஸ்ஸி விடாமல் எழுதினார். மலையில் பார்த்த மரம், பூச்சி, பறவை, மழை என்று கொல்லிமலையையே கடிதத்தில் மடித்து அனுப்பினார் என்று சொல்லலாம். கப்பலில் போய்ச் சேர வாரக்கணக்கு ஆகும். 1929 ஜூனில் ஜெஸ்ஸிக்குக் கருநீர்க் காய்ச்சல் கண்டது. மலையிலேயே உயிர் போனது. வயது 44. தந்தி உடனே லண்டன் போய்விட்டது. அது போன பிறகு, அவர் முன்பே எழுதி அனுப்பியிருந்த கடிதம் வந்து சேர்ந்தது. பதினான்கு வயதுப் பையன், இறந்துபோன அப்பா கொல்லிமலை மரங்களைப் பற்றி எழுதியிருப்பதைப் பிரித்துப் படிக்கிறான்.

வேகமாகப் போனதில் ஒரு செய்தி மட்டும் இருந்தது. மெதுவாகப் போனதில் அப்பா இருந்தார். அந்த மகன் மருத்துவராகி 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி, கையை மறுபடி கையாக்கினார். உலகமே அறிந்த டாக்டர் பால் பிராண்ட். அம்மா ஈவ்லினோ, பணி ஓய்வு கொடுத்த பிறகும் ஊருக்குப் போகாமல், குதிரையில் மலை மலையாகச் சுற்றினார். ஓவியமும் வரைவார். 1974-இல், 95 வயதில் காலமாகி, இதே மலையில் கணவருக்குப் பக்கத்தில் அடங்கினார். அந்த இடத்தில் நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். கைபேசியில் சிக்னல் இல்லை. நோட்டை எடுத்து, சென்னையில் இருக்கிற என் மகனுக்கு நான்கு பக்கம் எழுதினேன். கையால் அவனுக்கு நான் எழுதிய முதல் கடிதம் அதுதான்.

குரலைத் தட்டச்சாக மாற்றுகிற வசதியைப் பலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். அதையும் மலைப் பேச்சில் சோதித்துப் பார்த்தேன். நான் பேசினால் பத்துக்கு எட்டு வார்த்தை சரியாக விழுகிறது. கட்டுரையின் முதல் வரைவுக்கு நல்ல துணை, கை வலி உள்ளவர்களுக்குப் பெரிய வரம். ஆயாவின் குரலைப் போட்டால் சாமை எல்லாம் சாமி ஆகிவிட்டது. பிழை ஆயாவிடம் இல்லை. ஆயா பேசுவது போன்ற தமிழை இயந்திரம் இன்னும் போதிய அளவு கேட்டதில்லை. அதனால் ஒலிப்பதிவை அழிக்காதீர்கள். எழுத்து இயந்திரம் எழுதினாலும் மூலக் குரல் உங்களிடம் இருக்கட்டும்.

பழைய தமிழ்ப் படிப்பாளிகளுக்குக் கொல்லிமலை என்றால் சங்ககாலக் குறுநில மன்னன் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும்தான். ஓரிக்கு ஆடி 18-ஐ ஒட்டி அரசே விழா எடுக்கிறது. செம்மேட்டில் சிலையும் இருக்கிறது. எனக்கு இந்த முறை பாவைதான் மனத்தில் நின்றது. நற்றிணையின் 201-ஆம் பாட்டில் பரணர் ஒரு காட்சி வைக்கிறார். தெய்வம் காக்கும் மலையில் பாவை ஒன்று நிற்கிறது. காற்றும் மழையும் இடியும் வந்து மோதினாலும், நிலமே நடுங்கினாலும் அதன் அழகு குலைவதில்லை. காதலியின் உருவம் நெஞ்சைவிட்டுப் போகாததற்கு அதை உவமையாகச் சொல்கிறான் தலைவன். புகைப்படம் என்ற ஒன்றைக் கனவிலும் காணாத காலத்தில், பார்த்த முகம் மாறாமல் நின்றுவிட வேண்டும் என்ற ஆசை அந்தப் பாட்டில் இருக்கிறது. நற்றிணை முழுவதையும் முதன்முதலாக உரையோடு அச்சுக்குக் கொண்டுவந்தவர் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர். 1914-இல் அவர் மறைந்தார். நூல் 1915-இல் வெளிவந்தது. பதிப்புத் தொழிலில் இருக்கிற எனக்கு இந்த இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும்.

இனி நம் இதழுக்கு ஒரு நடைமுறை. இந்த மாதத்திலிருந்து, யாருடைய முகம் நம் பக்கங்களில் வருகிறதோ அவர்களுக்கு இதழின் ஒரு பிரதியும், காகிதத்தில் அச்சிட்ட படமும் அஞ்சலில் போகும். எங்கள் புகைப்படக்காரர்கள் எல்லாரிடமும் பெயரும் முகவரியும் எழுத ஒரு நோட்டுக் கொடுத்தாகிவிட்டது. முன்பு எங்களிடம் படம் எடுத்துக்கொண்டு, அது கைக்கு வந்து சேராதவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு கார்டு போடுங்கள். தேடி எடுத்து அனுப்புகிறோம்.

கவர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பலாமரம் அங்கேயே நின்றது. வீட்டுக்கு ஓடு போய்த் தளம் வந்திருந்தது. அந்த அக்காவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கவரைக் கொடுத்தேன். பிரித்தவர், ஈரக் கையை அவசரமாகப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தை விளிம்பில் பிடித்துக்கொண்டார். "ஐயோ, எங்க பாப்பா! பல்லு வுழுந்தப்ப எடுத்தது!" பாப்பா இப்போது நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாளாம். சின்ன வயதுப் படம் வேறு ஒன்றுகூட வீட்டில் இல்லை. எல்லாம் ஒரு கைபேசியில் இருந்ததாம். அது தண்ணீரில் விழுந்ததோடு போய்விட்டது. "இன்னொண்ணு கெடைக்குங்களா சார்? பாப்பாவுக்கு அனுப்போணும்."

அதற்கென்றே பையில் ஒரு சிறிய பிரிண்டரைக் கொண்டுபோயிருந்தேன். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். திண்ணையில் வைத்து மின்சாரம் கொடுத்ததும் அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். இந்த வகைப் பிரிண்டரில் காகிதம் நான்கு முறை உள்ளே போய் வெளியே வரும். முதல் முறை வெறும் மஞ்சள். "ஒண்ணையும் காணோமே" என்றது ஒரு குரல். உற்றுப் பார்த்தால் மஞ்சளுக்குள் மஞ்சளாகப் பலாப்பழம் மட்டும் தெரிந்தது. இரண்டாம் முறை சிவப்பு வந்து சேர, கன்னமும் உதடும் எழுந்தன. மூன்றாம் முறை நீலம்: தலைமுடி கறுத்தது, பின்னால் இலை பச்சையானது, பல் விழுந்த இடம் இருட்டானது. கூட்டம் சத்தமாகச் சிரித்தது. நான்காவது முறை நிறம் எதுவும் இல்லை. மேலே ஒரு பூச்சு மட்டும். கையில் எடுத்தபோது படம் இளஞ்சூடாக இருந்தது.

படத்தின் முதுகில் எழுத மெத்தென்ற பென்சில்தான் நல்லது. பேனா மை மறுபக்கம் இறங்கும். ஊரும் தேதியும் எழுதினேன். பெயரை இந்த முறை கேட்டு எழுதினேன். "வேற என்னங்க்கா எழுதட்டும்?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பழம் நம்ம மரத்துதுன்னு எழுதுங்க சார்" என்றார். எழுதினேன்.

அன்புடன்,
ஆசிரியர்